நிலத்தில் கிடைத்த பழைய காசு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் லாங்கு பஜார் பக்கம் எனக்கு வாட்ச் ரிப்பேர் கடை. கண்ணில் மாட்டும் லென்ஸும், மில்லிகிராம் வரை காட்டும் ஒரு சின்னத் தராசும் கடையில் இருப்பதால், பழைய காசு கிடைத்தவர்கள் எல்லாரும் கடைசியில் என்னிடம் வந்து நிற்பார்கள். முன்பெல்லாம் உழும்போது கிடைத்தது, கிணறு தூர் வாரும்போது கிடைத்தது என்று வரும். இப்போது மெட்டல் டிடெக்டர் வாங்கி வைத்திருக்கிற பிள்ளைகளும் வருகிறார்கள். போன வருஷம் திமிரி பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். வேர்க்கடலைக் கொல்லையில் அம்மாவின் கம்மல் விழுந்துவிட்டது என்று தெரிந்தவரிடம் மெஷின் இரவல் வாங்கித் தேடியிருக்கிறார், கம்மலுக்குப் பதில் பச்சை பிடித்த ஒரு வட்டக் காசு வந்திருக்கிறது. அது என்ன காசு என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. அந்தக் கதையும் கீழே வரும். திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள் என்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே.

அண்ணா, கொல்லையில ஒரு காசு கிடைச்சிருக்கு. முதல்ல என்ன பண்ணணும்?

ஒன்றும் பண்ண வேண்டாம், எழுதி வையுங்கள். எந்த ஊர், எந்த சர்வே எண், கிணற்றிலிருந்து எத்தனை அடி, எவ்வளவு ஆழம், பக்கத்தில் ஓடு, செங்கல், எலும்பு, கரி ஏதாவது இருந்ததா, என்ன தேதி. போனில் அந்த இடத்தையே ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. காசை ஒரு காகிதத்தில் மடித்து, அந்தக் காகிதத்தின் மேலேயே இதை எழுதிவிடுங்கள். பிளாஸ்டிக் கவரில் ஈரத்தோடு போட்டு மூடாதீர்கள், உள்ளேயே வியர்த்து இன்னும் அரிக்கும்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், காசு என்னவென்று பத்து வருஷம் கழித்துக்கூட ஒருவர் படித்துச் சொல்லிவிடலாம், எங்கே கிடைத்தது என்பதை மறந்துவிட்டால் யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. கடையில் விற்கிற ராஜராஜன் காசு வெறும் காசுதான். அதே காசு இன்ன ஊர் ஏரிக்கரையில் இரண்டடி ஆழத்தில் கிடைத்தது என்று தெரிந்தால் அது அந்த ஊரின் வரலாறு. வீடு கட்ட வந்த லோடு மணலில் கிடைத்த காசுகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருப்பது இதனால்தான். பாலாற்றில் எந்த இடத்து மணல் என்றே தெரியாது, மணலோடு உருண்டு முகமும் தேய்ந்திருக்கும்.

பச்சையா அழுக்கா இருக்கு. புளி போட்டுத் தேய்ச்சா பளிச்னு ஆயிடுமே?

ஆகும். அதோடு எழுத்தும் போய்விடும். பித்தளை அண்டாவைப் புளி போட்டுத் தேய்க்கிறோம் என்றால் அண்டாவின் கனத்தில் ஒரு நூல் போனால் ஒன்றும் குறையாது, காசில் எழுத்தின் உயரமே ஒரு தலைமுடி அளவுதான். நிலத்தில் நூறு இருநூறு வருஷம் கிடந்த செம்பில் மேல்தோல் முழுக்கப் பச்சைக் களிம்பாக மாறியிருக்கும், எழுத்து இருப்பது பெரும்பாலும் அந்தக் களிம்பில்தான், அடியில் இருக்கும் செம்பில் இல்லை. புளி, எலுமிச்சை, சாம்பல், பல்பொடி, பேட்டரி ஆசிட் எதுவும் வேண்டாம். நான் பதினைந்து வயதில் பாட்டியின் டிரங்குப் பெட்டியில் இருந்த ஒரு வெள்ளிக் காசைப் பல்பொடி போட்டுத் தேய்த்துவிட்டேன். அதன் கறுப்பு போனது, கூடவே தேதியின் கடைசி இரண்டு எண்ணும் போனது. அந்தக் காசு இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது, தேதி மட்டும் இல்லை.

மண்ணை எடுக்க வேண்டுமென்றால் சுத்தமான தண்ணீரில், முடிந்தால் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில், ஒரு நாள் ஊறவைத்து, மூங்கில் குச்சி முனையால் மெதுவாகத் தள்ளுங்கள், நிழலில் உலர்த்துங்கள். அதற்கு மேல் வேண்டாம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: கெட்டியான கரும்பச்சை நல்லது, அது காசைக் காப்பாற்றும் தோல். வெளிர்பச்சையாக, மாவு மாதிரி, தொட்டால் உதிர்கிறது என்றால் அது உப்பு பிடித்த நோய், உள்ளே போய்க்கொண்டே இருக்கும். நம் பக்கம் தோல் ஷாப் (தோல் பதனிடும் ஆலை) தண்ணீர் பாய்ந்த நிலங்களில் உப்பு அதிகம், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை சுற்றி வருகிற செம்புக் காசுகளில் இதை நிறையப் பார்க்கிறேன். அப்படி இருந்தால் ஈரமே படாமல், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு தனியாக வைத்து, அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.

மெஷின் அடிக்குதுன்னு தோண்டினா எல்லாம் காசுதானா?

இல்லை. பத்துக்கு எட்டு தடவை மாட்டு லாடம், ஆணி, பாட்டில் மூடி, பம்பு செட் வயர், சலங்கை உடைசல். பழைய சட்டைப் பித்தான்கூட வட்டமாகக் காசு மாதிரியே வரும், பின்னால் வளையம் இருந்த தடம் தெரிகிறதா என்று பாருங்கள். ஓட்டை இருக்கிற செம்பு வட்டம் என்றால் முதலில் வாஷரா என்று பாருங்கள், அப்புறம் ஓட்டைக் காலணாவா என்று பாருங்கள். 1943லிருந்து 1947 வரை அடித்த காலணாவில் நடுவில் பெரிய ஓட்டை இருக்கும், தாலிக்கயிறு மாதிரி அரைஞாணில் கோத்துக் கட்டிய காலம் அது.

செம்பா, வெள்ளியா, தங்கமா? உரசிப் பார்க்காம எப்படித் தெரிஞ்சுக்கறது?

உரசக் கூடாது, கடித்தும் பார்க்கக் கூடாது. நிறத்தை முழுக்க நம்பவும் கூடாது: வெள்ளி நிலத்தில் கிடந்தால் கறுக்கும், செம்பு பச்சையாகும், ஈயம் சாம்பல் வெள்ளையாகப் பூத்துவிடும், தங்கம் மட்டும்தான் நேற்று போட்ட மாதிரி மஞ்சளாகவே வரும். காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது இரும்பு அல்லது நிக்கல், பழைய காசு இல்லை. புலி போட்ட 1947ஆம் வருஷத்து ஒரு ரூபாயை வெள்ளி என்று எத்தனையோ பேர் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள், அது நிக்கல், காந்தத்தில் ஒட்டும்.

நம்பகமான வழி தண்ணீர். நகைத் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள். காசை நூலில் கட்டி, அடியில் படாமல் தண்ணீருக்குள் தொங்க விடுங்கள். தராசு காட்டுகிற எண், காசு தள்ளிய தண்ணீரின் எடை. காசின் எடையை அந்த எண்ணால் வகுங்கள். செம்பு 8.9, வெள்ளி 10.5, ஈயம் 11.3, தங்கம் 19.3 பக்கத்தில் வரும், கலப்பு இருந்தால் கொஞ்சம் முன்னே பின்னே. திமிரித் தம்பியின் காசு 3.92 கிராம், தள்ளிய தண்ணீர் 0.44, வகுத்தால் 8.9, ஆக செம்பு. அரை கிராம்கூட இல்லாத 'பணம்' என்ற சின்னக் காசுக்கு இந்தக் கணக்கு சரியாக வராது, அதற்கு நல்ல தராசு உள்ள நகைக்கடைக்காரரிடம் போவதுதான் சரி.

வருஷமே போடலையே, அப்புறம் எப்படி காலம் சொல்றீங்க?

நம் பழைய காசுகளில் பெரும்பாலும் வருஷம் இருக்காது. உலோகம், எடை, வடிவம், உருவம், எழுத்து என்று ஐந்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். விளிம்பு கோணல்மாணலாக, அச்சின் பாதி காசுக்கு வெளியே விழுந்திருந்தால் கையால் சம்மட்டி அடித்தது. விளிம்பு ஒரே சீராக, சுற்றிலும் கோடு போட்டு இருந்தால் இயந்திரம், நம் பக்கத்துக்கு அது பத்தொன்பதாம் நூற்றாண்டு தொடங்கும் சமயம்.

எழுத்து முக்கியம். நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ' என்று ஒரு பக்கம் உட்கார்ந்த உருவத்துக்குப் பக்கத்திலும், மறுபக்கம் நின்ற உருவமும் இருந்தால் சோழர் காசு, சுமார் நான்கு கிராம் செம்பு. தமிழ் எழுத்து என்றால் ஆசையோடு சங்க காலம் என்று சொல்லிவிடாதீர்கள். சங்க காலத்துக் காசில் இருப்பது தமிழ் பிராமி, நாம் படிக்கிற எழுத்து இல்லை. 'பெருவழுதி' என்று தமிழ் பிராமியில் எழுதிய பாண்டியர் காசை நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி அடையாளம் கண்டார். பிற்காலப் பாண்டியர் காசில் 'சோணாடு கொண்டான்', 'எல்லாந்தலையானான்' என்று நம் கண்ணுக்குப் பழகிய தமிழுக்குப் பக்கத்தில் இருக்கும். அதற்கும் பின்னால் வந்த வெள்ளைக்காரர்களும் தமிழில் அடித்தார்கள், அது கடைசியில் வரும்.

நம்ம ஜில்லாவுல எந்தக் காசு அதிகமா கிடைக்கும்?

ஒன்று சொல்லட்டுமா, பழைய வட ஆற்காடு ஜில்லா மாதிரி காசு கலந்து கிடக்கிற மண் குறைவு. பல்லவர், சோழர், சம்புவராயர், விஜயநகரம், வேலூர் நாயக்கர், மொகலாயர் பேரில் ஆற்காட்டு நவாபு, மைசூர்க்காரர்கள், பிரெஞ்சுக்காரர், கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் என்று எல்லாப் படையும் இந்த வழியாகத்தான் போனது. 1749இல் ஆம்பூர் சண்டையில் நவாபு அன்வருத்தீன் இறந்தார், 1751இல் ஆற்காடு முற்றுகை, 1780இல் ஐதர் அலி ஆற்காட்டைப் பிடித்தார், 1781இல் சோளிங்கரில் சண்டை. ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் மடியில் காசோடு நடந்த மண் இது.

என் மேஜைக்கு வருவதை வைத்துச் சொன்னால், முதலிடம் காலணா. 1835க்குப் பிறகு கம்பெனி எல்லா மாகாணத்துக்கும் ஒரே மாதிரி அடித்த காசு, அப்புறம் விக்டோரியா, எட்வர்டு, ஜார்ஜ் தலை போட்டவை. அடுத்து மெட்ராஸ் மாகாணத்துக்கு என்று இங்கிலாந்தில் அடித்து வந்த இருபது காசு, பத்து காசு: 1803, 1808 என்று வருஷம் இருக்கும், ஒரு பக்கம் இரண்டு சிங்கம் கேடயம் பிடித்திருக்கும், மறுபக்கம் பாரசீக எழுத்து. 1808ஆம் வருஷத்துப் பத்து காசு புத்தம் புதுசாக மின்னி விற்பனைக்கு வந்தால் அது நம் நிலத்தில் கிடைத்தது இல்லை. அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809இல் இங்கிலாந்துக் கரையோரத்திலேயே மூழ்கியது, அதிலிருந்து பிற்காலத்தில் குவியலாக எடுத்தவை அவை.

அதற்கு அடுத்து நவாபுவின் சின்னச் செம்புக் காசுகள், பிறகு விஜயநகரத்துச் செம்பு: யானை, காளை, பன்றி, அனுமன் என்று உருவங்கள் இருக்கும், எழுத்து பெரும்பாலும் நாகரியோ கன்னடமோ. ராஜராஜன் காசு வருஷத்துக்கு ஒன்றிரண்டு. தங்கப் பணம் என் கடைக்கு மொத்தமாகவே இரண்டு முறைதான் வந்திருக்கிறது, மிளகு மாதிரி, ஊதினால் பறந்துவிடும் போல இருந்தது. நாம் இன்றைக்குப் பொதுவாகச் சொல்கிற 'காசு', 'பணம்' இரண்டுமே தனித்தனி நாணயங்களின் பெயர்தான். மெட்ராஸ் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1818இல்தான் ரூபாய் அடிப்படைக் கணக்கானது, ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய்.

யானை போட்டிருக்கு. அப்ப திப்பு சுல்தான் காசுதானே?

இருக்கலாம், ஆனால் யானையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. விஜயநகரத் தேவராயர் காசிலும் யானை உண்டு, அது சின்னது, எழுத்து கன்னடம் அல்லது நாகரி. திப்பு காசு நல்ல கனம், யானையின் மறுபக்கம் முழுக்கப் பாரசீக எழுத்து, எந்த ஊரில் அடித்தது என்று இருக்கும். யானைக்கு மேல் சூரிய சந்திரரும் கன்னட எழுத்தும் இருந்தால் அது 1799க்குப் பிறகு வந்த மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் காலம்.

திப்பு காசில் இன்னொரு சிக்கல் உண்டு. மௌலூதி என்று புதிதாக ஒரு ஆண்டுக் கணக்கைக் கொண்டு வந்த பிறகு எண்களை வலமிருந்து இடமாக எழுத வைத்தார். 1215 என்பது காசில் 5121 என்று நிற்கும். இது தெரியாமல் படித்தால் எந்தக் கணக்கிலும் அடங்காத ஒரு வருஷம் வரும், காசு போலி என்று தூக்கிப் போட்டுவிடுவீர்கள். திப்புவின் குடும்பத்தை வேலூர்க் கோட்டையில்தான் வைத்திருந்தார்கள், 1806 ஜூலை 10ஆம் தேதி சிப்பாய்ப் புரட்சி நடந்தபோதும் அவர்கள் உள்ளேதான் இருந்தார்கள்.

அரபி மாதிரி எழுத்து. யார்கிட்ட காட்டிப் படிக்கறது?

அது பாரசீகம், எழுத்து அரபி வகை. மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு பக்கம் உருது நன்றாகப் படித்த பெரியவர்கள் நிறைய இருக்கிறார்கள், படத்தைப் பெரிதாக்கிக் காட்டினால் எழுத்து எழுத்தாகச் சொல்லிவிடுவார்கள். 'வாலாஜா' என்று வந்தால் நவாபு முகம்மது அலி, 1749லிருந்து 1795 வரை இருந்தவர், வாலாஜாபேட்டையின் பெயரில் இருப்பவரும் அவர்தான். 'ஆர்க்காட்' என்று வந்தால் அடுத்த கேள்விக்குப் போங்கள்.

எண்ணை நீங்களே படிக்கலாம். ஒரு நேர்கோடு 1, ஆங்கில வி மாதிரி இருந்தால் 7, அதைக் கவிழ்த்தால் 8, வட்டமோ தலைகீழ் இதயமோ 5, வெறும் புள்ளி பூஜ்யம். 9 நம் 9 மாதிரியேதான். கிடைத்தது ஹிஜ்ரி (இஸ்லாமிய) வருஷம். அதை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டுங்கள். 1206 என்றால் கிட்டத்தட்ட 1170, 622 கூட்டினால் 1791, 1792 பக்கம். திப்புவின் மௌலூதி வருஷத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

ஆற்காடு ரூபாய்ன்னா ஆற்காட்டுல அடிச்சதுதானே? எங்க ஊர் ஆற்காடுதான்!

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது ஆற்காட்டுக்காரர்கள் முகம் கொஞ்சம் வாடும், ஆனால் இது உங்கள் ஊருக்குப் பெருமைதான். ஆற்காட்டில் அடித்த வெள்ளி ரூபாய்க்கு அவ்வளவு மதிப்பு இருந்ததால் எல்லாரும் ஆற்காட்டின் பெயரைப் போட்டு அடிக்க அனுமதி கேட்டார்கள். 1736இல் பிரெஞ்சுக்காரர்கள் பாண்டிச்சேரியில், 1742இல் கம்பெனிக்காரர்கள் சென்னையில். பெயர் ஆற்காடு, அடித்த இடம் வேறு. வித்தியாசம் காண ஒரு சின்ன அடையாளம்: பிறைக்குறி என்றால் பாண்டிச்சேரி, தாமரை என்றால் சென்னை.

இதைவிட வேடிக்கை தேதி. கம்பெனிக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயந்திரத்தில் அடித்த ஆற்காடு ரூபாயில்கூட ஹிஜ்ரி 1172, இரண்டாம் ஆலம்கீர் ஆட்சியின் 6ஆம் வருஷம் என்றே போட்டார்கள். முன்னே சொன்ன கணக்குப்படி அது 1758, 1759. அந்த பாதுஷா 1759இலேயே இறந்துவிட்டார். ஜனங்கள் பழகிய முகத்தை மாற்றினால் வாங்க மாட்டார்கள், வட்டம் (மதிப்பில் தள்ளுபடி) கேட்பார்கள் என்று ஏறக்குறைய எண்பது வருஷம் இறந்தவர் பெயரிலேயே, அதே வருஷத்திலேயே ஓட்டினார்கள். 1835இல் எல்லா மாகாணத்துக்கும் ஒரே ரூபாய் வந்த பிறகுதான் இது நின்றது. ஆகவே 1172 என்று படித்ததும் பிளாசிக் காலத்துக் காசு என்று குதிக்காதீர்கள். விளிம்பைப் பாருங்கள். சீரான வட்டம், சாய்ந்த கோடு இருந்தால் இயந்திரம், அதாவது அரை நூற்றாண்டாவது பிந்தியது.

கிழக்கிந்தியக் கம்பெனி 1818, ராமர் பட்டாபிஷேகம் போட்ட காசு. கோடி ரூபாய்னு சொல்றாங்களே?

கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. 1616, 1717, 1818 என்று வருஷம், ஒரு பக்கம் ராமர், அனுமன், லட்சுமி, தாமரை, மறுபக்கம் ஆங்கிலத்தில் கம்பெனி பெயரும் அரை அணா, ஒரு அணா என்றும் இருக்கும். கம்பெனியின் உண்மையான காசில் சாமி உருவமே கிடையாதா என்றால் உண்டு, மெட்ராஸில் அடித்த வராகனில் ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் பெருமாள். அதைப் பார்த்தால் வேலைப்பாடே வேறாக இருக்கும். இந்த ராமர் வில்லைகள் பிற்காலத்தில் சாமி படத்தோடு வைக்க அடித்தவை. பூஜையில் வைத்து வணங்குங்கள், அதில் ஒரு தவறும் இல்லை. விலை மட்டும் பேசாதீர்கள்.

அரிசியை இழுக்குற காசுன்னு ஒருத்தர் கேட்டு வந்தாரே, அது என்ன?

மோசடி. வேறு எதுவும் இல்லை. எந்தச் செம்பும் எந்தக் காசும் அரிசியை இழுக்காது. இரிடியம், இடி விழுந்த செம்பு, கோபுரக் கலசம் என்று ஆரம்பித்து, டெஸ்ட் பண்ண விஞ்ஞானி வர வேண்டும், அதற்கு முன்பணம் என்று போகும். அரிசியில் இரும்புத் தூள் தடவி, காசில் காந்தம் ஒளித்துக் காட்டுவார்கள். நிலத்தை அடமானம் வைத்துப் பணம் கொடுத்த குடும்பத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன். அப்படிக் கேட்டு யார் வந்தாலும் போலீஸில் சொல்லுங்கள்.

சரி, என் காசு எவ்வளவுக்குப் போகும்?

தேய்ந்த காலணா, பத்து காசு எல்லாம் பெரிய விலை இல்லை, கோடிக்கணக்கில் அடித்தவை. விக்டோரியா, ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் 11.66 கிராம், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றரை பங்குக்கு மேல் வெள்ளி, ஆக வெள்ளி விலைக்குக் குறைந்து கொடுக்காதீர்கள். 1940லிருந்து 1945 வரை வந்த ரூபாயில் பாதிதான் வெள்ளி. அதற்கு மேல் விலை ஏறுவது அரிய அச்சு, நல்ல நிலை, தெளிவான தேதி இருந்தால்தான். புளி போட்டது என்று தெரிந்தாலே பாதி விலை போய்விடும்.

போனில் வருகிற 'பழைய ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்ச ரூபாய்' விளம்பரங்களை நம்பாதீர்கள். ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லி வரி, கமிஷன் என்று முன்பணம் கேட்கிறார்கள், தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்தது. அப்புறம், நிலத்திலிருந்து எடுத்த காசை விற்பதற்கு முன் அடுத்த பதிலைப் படியுங்கள்.

கவர்மென்டுக்குச் சொல்லணுமா? சொன்னா பிடுங்கிப்பாங்களே?

சொல்ல வேண்டும். 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே, என்ன கிடைத்தது, எங்கே, எப்போது என்று கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 2019இல் மாவட்டம் பிரிந்ததிலிருந்து வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று கலெக்டர் வேறு வேறு, நிலம் எதில் இருக்கிறதோ அங்கே. வி.ஏ.ஓ.வையும் தாசில்தாரையும் கலந்துகொண்டு, மனுவின் நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பிடுங்கிக்கொள்வார்கள் என்பது பாதிதான் உண்மை. சொந்தம் கொண்டாட யாரும் இல்லை என்று முடிவானால் கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. அரசு எடுத்துக்கொள்வதாக இருந்தால் அதன் உலோகத்தின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. மறைத்தால்தான் பங்கே போய்விடும், ஒரு வருஷம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு தொல்பொருள் என்று 1972ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது, வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, அதை வைத்து வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும்.

கோட்டை அகழி ஓரம், மலைக்கோட்டை பக்கம் மெஷின் வச்சுத் தேடலாமா?

கூடாது. வேலூர்க் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, மகேந்திரவாடிக் குடைவரை மாதிரி இடங்களும் அப்படித்தான். அங்கே அனுமதி இல்லாமல் தோண்டுவது 1958ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். மாநிலத் தொல்லியல் துறை காக்கும் இடங்களும் தனியாக உண்டு. அறிவிப்புப் பலகை இல்லாத மேடு, பழைய ஓடு சிதறிக் கிடக்கிற கரடு என்றாலும் வேண்டாம். முதல் பதிலில் சொன்ன காரணம்தான்: ஒரு காசுக்காக ஒரு குழி போட்டால் மேலே கிடந்த மண் எது கீழே கிடந்த மண் எது என்பதே கலைந்துவிடும், பின்னால் முறையாக அகழாய்வு செய்ய வருகிறவருக்கு ஒன்றும் மிஞ்சாது. உங்கள் சொந்தக் கொல்லையில், உழவு போகிற ஆழத்துக்குள் தொலைந்ததைத் தேடுங்கள். அதில் காசு வந்தால் எழுதி வையுங்கள்.

படம் அனுப்பினா போதுமா? நேர்ல வரணுமா?

படம் நன்றாக இருந்தால் பாதிக் காசுகளைப் படத்திலேயே சொல்லிவிடலாம். பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், வெள்ளைக் காகிதத்தில், பக்கத்தில் இன்றைய ஒரு ரூபாய் வைத்து இரண்டு பக்கமும் எடுங்கள். விளிம்பையும் ஒரு படம். எடையை எழுதுங்கள். எழுத்து தேய்ந்திருந்தால் இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, காசைச் சுற்றிச் சுற்றி நான்கைந்து படம் எடுங்கள், நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். எனக்கும் தெரியாதது வந்தால் கோட்டைக்குள் இருக்கிற அரசு அருங்காட்சியகத்துக்கோ, எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவுக்கோ அனுப்பிவைப்பேன்.

அந்தத் திமிரிக் காசு கடைசியில என்னதான்?

பச்சைச் செம்பு, 3.92 கிராம், கோணல் விளிம்பு, கையால் அடித்தது. ஒரு பக்கம் மூன்று இதழ் மாதிரி ஏதோ ஒன்று, மறுபக்கம் கீறல்கள். ஆற்காட்டுக்குப் பக்கத்து ஊர் என்பதால் நவாபு காசு என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். இதழைத் தாமரை என்று நினைத்து, கீறலைப் பாரசீகமாகப் படிக்கப் பார்த்தேன், வரவில்லை. ஒரு பெரியவரிடம் காட்டினேன், இது எங்கள் எழுத்தே இல்லை தம்பி என்றார். சூலமா என்று யோசித்தேன். இரண்டு வாரம் போனது.

மேலே சொன்ன டார்ச் வேலையை நான் அப்போதுதான் செய்தேன். காசைப் பாதி வட்டம் திருப்பியதும் நிழலில் 'பு' எழுந்தது. நேராக நம் தமிழ் 'பு'. அப்புறம் 'து'. கீழ்வரியில் 'ச', அதற்குப் பின் 'ரி'. பழைய வழக்கப்படி மெய்க்குப் புள்ளி இல்லை, ஏகாரத்துக்கு நெட்டைக் கொம்பும் இல்லை, அதனால் 'புதுசசெரி' என்று நின்றது, புதுச்சேரி என்று படிக்க வேண்டியது. மூன்று இதழ் தாமரையும் இல்லை சூலமும் இல்லை, பிரெஞ்சு ராஜாவின் லில்லிப்பூ. பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் அடித்த 'துட்டு' என்ற செம்புக் காசு. தாய்மொழியில் எழுதியதை இரண்டு வாரம் தலைகீழாக வைத்துக்கொண்டு பாரசீகமாகப் படிக்க முயன்றிருக்கிறேன், இடத்தை வைத்து முதலிலேயே பதிலை முடிவு செய்ததால். இப்போது எந்தக் காசு வந்தாலும் நான்கு பக்கமும் திருப்பி, ஒவ்வொரு பக்கத்திலும் தமிழ் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.

அப்ப அவரு அதைக் கொடுத்துட்டாரா? தேடிப் போன கம்மல் என்னாச்சு?

படம், எடை, சர்வே எண், ஆழம் எல்லாம் எழுதி ராணிப்பேட்டையில் மனு கொடுத்தார், முத்திரை போட்ட நகலைக் கொண்டு வந்து என்னிடமும் காட்டினார். கம்மல் மெஷினுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து விதைக்கடலை உடைக்க உட்கார்ந்தபோது மூட்டையின் அடியில் மண்ணோடு வந்ததாம், அம்மாவே போன் பண்ணிச் சொன்னார்கள்.